வாய்தாவுக்கும் வாய்தாவுக்கும் இடையே ஒரு மூச்சு

சில ஆண்டுகளுக்கு முன்பு, மார்கழி மாதத்து மாலை ஒன்றில், என் வழக்கறிஞர் ஏனாத்தூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். வழக்கமாகக் கையில் இருக்கும் வழக்குக் கட்டு அன்று இல்லை. ‘‘சார், நம்முடைய வழக்கு இன்று தள்ளுபடியாகிவிட்டது. கூப்பிட்டபோது நான் நீதிமன்றத்தில் இல்லை. வாய்தா தேதியே நினைவில் இல்லாமல் போய்விட்டது’’ என்றார்.

அது என் பாட்டனார் காலத்து நிலத்தின் எல்லை தொடர்பான உரிமையியல் வழக்கு. பதினோரு ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. வாதி தரப்பில் யாரும் ஆஜராகாமல் எதிர்த்தரப்பு மட்டும் வந்திருந்தால் வழக்கைத் தள்ளுபடி செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9-ஆவது கட்டளை இடமளிக்கிறது. தக்க காரணத்தைக் காட்டி, 30 நாள்களுக்குள் மனுச் செய்து அதை மீட்டெடுக்கவும் சட்டத்தில் வழி உண்டு. இவையெல்லாம் எனக்குப் பின்னர்தான் தெரிந்தன. அந்த மாலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கோபம் மட்டுமே.

அவர் என்னிடம் இளங்கலைப் பொருளாதாரம் படித்த மாணவர். வகுப்பில் தேதிகளையும் புள்ளிவிவரங்களையும் ஒருமுறை கேட்டால் மறக்காதவர். அவரா வாய்தாவை மறந்தார் என்ற வியப்பில் என் கோபம் சற்றே தணிந்தபோது, அவர் மெல்லப் பேசத் தொடங்கினார். அன்று இரண்டு ஊர்களில் உள்ள நீதிமன்றங்களில் அவருக்கு நான்கு வழக்குகள். முந்தைய இரவு இரண்டு மணி வரை, ஒரு சிறுமி தொடர்பான பாலியல் குற்ற வழக்கின் வாக்குமூலங்களைப் படித்திருக்கிறார். ஆறு மாதங்களாகவே தூக்கம் சரியில்லை. நீதிமன்றத்தில் எழுந்து நிற்கும்போது கை நடுங்குகிறது. அதை மறைக்க மேசையை இறுகப் பற்றிக்கொள்கிறார். கைப்பேசி ஒலித்தாலே நெஞ்சு படபடக்கிறது. ‘‘இன்று காலையில் மட்டும் ஏழு தவறிய அழைப்புகள், சார். அவற்றில் மூன்று உங்களுடையவை’’ என்றார். அதைக் குற்றச்சாட்டாக அவர் சொல்லவில்லை.

அவர் போன பிறகு என் கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். அந்த ஒரு மாதத்தில் அவரை இருபத்து மூன்று முறை அழைத்திருந்தேன். அவற்றில் பாதிக்கு மேல் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு. பதினோரு ஆண்டுகளாக என் கவலையைப் பகுதி பகுதியாக அவர் தலையில் இறக்கி வைத்துவிட்டு, நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். பொருளாதாரத்தில் இதைப் புறவிளைவு என்போம். ஒருவர் நடவடிக்கையின் செலவை அவர் அறியாமலேயே வேறொருவர் சுமப்பது. நாற்பது ஆண்டுகளாக அதைப் பாடமாக நடத்திய எனக்கு, என் வீட்டுத் திண்ணையில்தான் அது புரிந்தது.

வழக்கறிஞர்களின் மனஅழுத்தத்தைப் பற்றி, வழக்கறிஞர் அல்லாத நான் எழுத முன்வந்ததற்கு இதுவே காரணம்.

ஏன் இந்தத் தொழிலில் இத்தனை அழுத்தம்?

அழுத்தம் இல்லாத தொழில் எது என்று கேட்கலாம். ஆனால், வழக்கறிஞர் தொழிலின் அழுத்தத்துக்குத் தனித்த இயல்புகள் உண்டு. அமெரிக்காவில் 12,825 வழக்கறிஞர்களிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வு, அவர்களில் 28 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், 19 விழுக்காட்டினரிடம் பதற்றத்தின் அறிகுறிகளும் இருப்பதாகக் கண்டது. ஐந்தில் ஒருவரின் மதுப்பழக்கம் சிக்கலான நிலையில் இருந்தது. தொழிலுக்கு வந்த முதல் பத்தாண்டுகளில் இருப்பவர்களே மிகுதியாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். வசதியும் வருமானமும் மிகுந்த ஒரு நாட்டின் நிலை இது.

இதன் காரணங்களில் முதலாவது, தொழிலின் அடிப்படையிலேயே இருக்கிறது. மருத்துவர் நோயை எதிர்த்துப் போராடுகிறார். நோய் எழுந்து நின்று அவரை மறுத்துப் பேசுவதில்லை. வழக்கறிஞரின் எதிரில் நிற்பவரோ அவருக்கு இணையான பயிற்சி பெற்றவர். இவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் உடைப்பதே அவருக்கு வேலை. ஒவ்வொரு நாளும் ஒரு தரப்பு தோற்றே ஆக வேண்டும். அதுவும் பலர் முன்னிலையில்.

இரண்டாவது காரணத்தை உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் சுட்டிக்காட்டினார். பெரும்பாலான துறைகளில் நம்பிக்கையோடு நோக்குபவர்களே முன்னேறுகிறார்கள். வர்ஜீனியா சட்டக் கல்லூரி மாணவர்களிடம் அவரும் அவருடைய கூட்டாளிகளும் நடத்திய ஆய்விலோ, எதிலும் குறையையே எதிர்பார்க்கும் இயல்புடையவர்கள் மேலான மதிப்பெண் பெற்றிருந்தார்கள். இது வியப்புக்குரியதன்று. ஒப்பந்தத்தின் எந்தச் சொல்லில் பின்னாளில் வில்லங்கம் வரும், எந்தச் சாட்சி எங்கே பிறழ்வார் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்குத்தான் நாம் அவர்களுக்குக் கட்டணம் தருகிறோம். ஆனால், அந்தப் பார்வையை நீதிமன்ற வாசலில் கழற்றி வைக்க முடிவதில்லை. கறுப்பு அங்கி வீட்டு ஆணியில் தொங்கும்போதும், மனம் மனைவியின் பேச்சிலும் குழந்தையின் இருமலிலும் ஆபத்தைத் தேடிக்கொண்டே இருக்கிறது.

மூன்றாவது, பிறர் துயரத்தைச் சுமப்பது. மணமுறிவு, குழந்தை யாரிடம் இருப்பது என்ற சண்டை, கொலை, பாலியல் வன்கொடுமை என்று ஒரு குடும்பம் வாழ்நாளில் ஒருமுறை சந்திக்கும் பேரிடரை வழக்கறிஞர் வாரத்துக்கு மூன்று முறை படிக்கிறார்.

நான்காவது, நம் நாட்டுக்கே உரிய நிச்சயமின்மை. எல்லா நிலைகளிலும் சேர்த்து 5 கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளன. 10 லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987-இல் பரிந்துரைத்தது. இன்றும் அந்த எண்ணிக்கை 21 என்ற அளவிலேயே நிற்கிறது. வழக்கு இன்று எடுக்கப்படுமா, மாலை வரை காத்திருந்து வாய்தா வாங்கித் திரும்ப வேண்டியதுதானா என்பது வழக்கறிஞருக்கே தெரியாது. அந்தத் தாமதத்தின் மீது கட்சிக்காரருக்கு எழும் கோபத்தையோ நீதிபதியிடம் காட்ட முடியாது. அதனால் அது வழக்கறிஞரிடம் வந்து சேர்கிறது.

கவனம் என்னும் பற்றாக்குறை வளம்

இந்தச் சுமைகள் எல்லாம் சேர்ந்து வழக்கறிஞரிடமிருந்து முதலில் பறிப்பது அவருடைய கவனத்தை. தகவல் பெருகப் பெருக, அதைப் பெறுபவரின் கவனம் பஞ்சத்துக்கு உள்ளாகும் என்பதைப் பொருளாதார நோபல் பெற்ற ஹெர்பர்ட் சைமன் 1971-லேயே எடுத்துரைத்தார். கவனமும் நிலம், நீர்போல ஓர் அளவுக்குட்பட்ட வளம்தான்.

இதற்கு நம் மண்ணிலிருந்தே ஒரு சான்று உண்டு. தமிழ்நாட்டின் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம், அறுவடைக்கு முன்பும் பின்பும் சிந்தனைத் திறனைச் சோதிக்கும் பயிற்சிகள் தரப்பட்டன. கையில் பணமின்றிக் கவலையில் இருந்த அறுவடைக்கு முந்தைய நாள்களில் அவர்களின் திறன் குறைந்திருந்தது. பணம் கிடைத்த பிறகு அதே மனிதர்கள் மேலாகச் செய்தார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இது. அறிவு மாறவில்லை; கவலை அறிவின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டிருந்தது.

என் மாணவருக்கு நடந்ததும் இதுவே. தேதியை நினைவில் வைத்திருக்க வேண்டிய இடத்தில் அச்சமும் தூக்கமின்மையும் குடியேறியிருந்தன. அவருக்கு வந்தது ஞாபக மறதி நோய் அல்ல, சோம்பலும் அல்ல. எனவே, ‘இன்னும் கடுமையாக உழை’ என்ற அறிவுரை அவருக்கு உதவியிருக்காது. கவனத்தை மீட்பதற்குத்தான் வழி தேட வேண்டியிருந்தது.

காஞ்சிக்குப் புதியதல்ல

அவர் ஒரு மனநல மருத்துவரிடம் சென்றார். சில மாதங்கள் மருந்து எடுத்துக்கொண்டார். கூடவே, எட்டு வாரகால மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி ஒன்றிலும் சேரும்படி மருத்துவர் சொன்னார். குற்றவுணர்வு பாதி, ஐயம் பாதியாக நானும் அவருடன் சேர்ந்தேன்.

மைண்ட்ஃபுல்னஸ் என்பதை மனவிழிப்பு எனலாம். இந்தக் கணத்தில் உடலிலும் மனத்திலும் சுற்றிலும் நடப்பதை, நல்லது கெட்டது என்று உடனே தீர்ப்பெழுதாமல் கவனிப்பதுதான் அது. இன்று மருத்துவமனைகளில் கற்பிக்கப்படும் வடிவத்தை ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் உருவாக்கினார். தீராத வலியோடு வாழும் நோயாளிகளுக்காக, சமயச் சடங்குகள் எதுவுமின்றி, எட்டு வாரப் பாடத்திட்டமாக அதை அமைத்தார்.

அதன் வேர் நம் பக்கத்தில் இருக்கிறது. பௌத்த எண்வழிப் பாதையின் ஏழாவது படி இது. பாலி மொழியில் ‘சதி’ என்பார்கள். நாம் அறிந்த சதிக்கும் இதற்கும் தொடர்பில்லை. நினைவு என்று பொருள்படும் ‘ஸ்மிருதி’யின் பாலி வடிவம் அது. தமிழில் ‘நற்கடைப்பிடி’ என்று பெயர்த்தவர்கள் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் பத்தாயிரம் பிக்குகளும் இந்த நாட்டில் இருந்ததாகக் குறித்திருக்கிறார். நாளந்தாவின் தலைமையை ஏற்ற தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர். சீனத்துக்குத் தியானத்தைக் கொண்டுசென்ற போதிதர்மரைக் காஞ்சியோடு இணைப்பது மரபு. பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்பெற்ற நம் ஊர், ஒருகாலத்தில் மனத்தைக் கவனிக்கும் கலைக்கும் பள்ளிக்கூடமாக இருந்தது.

இதைப் பற்றிய சில தவறான எண்ணங்களை இங்கே நீக்கிவிடுவது நல்லது. மனவிழிப்பு என்பது மனத்தை வெறுமையாக்குவது அன்று. அது யாராலும் இயலாது. வலியை மறப்பதும் அன்று. வலியை நேராகப் பார்ப்பது. சாந்தமாகி, எதிர்வாதமே செய்யாமல் இருப்பதும் அன்று. என் மாணவருக்கு இருந்த பெரிய அச்சம் இதுதான். ‘‘கோபம் போய்விட்டால் எப்படி சார் குறுக்கு விசாரணை செய்வது?’’ என்று முதல் வாரத்தில் கேட்டார். இரண்டு மாதங்களில் அவரே விடை கண்டார்.

வழக்கறிஞரின் ஒரு நாளில்

பயிற்சியின் அடிப்படை எளிமையானது. காலையில் கைப்பேசியைத் தொடுவதற்கு முன் பத்து நிமிடம் நிமிர்ந்து உட்கார வேண்டும். மூச்சு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கவனிக்க வேண்டும். நான்கு மூச்சு விடுவதற்குள் மனம் ஏதோ ஒரு வழக்குக்கு ஓடிவிடும். ஓடியதை அறிந்ததும், அதற்காகத் தன்னையே கடிந்துகொள்ளாமல், மூச்சுக்குத் திரும்ப வேண்டும். பத்து நிமிடத்தில் நூறு முறை ஓடினால் நூறு முறை திரும்பலாம். ஓடாமல் இருப்பதைவிடத் திரும்புவதே இங்கே பயிற்சி. எடை தூக்கும்போது தசை வலுவடைவதுபோல, திரும்பும் ஒவ்வொரு முறையும் கவனம் வலுவடைகிறது.

உடலில் நடப்பதையும் புரிந்துகொள்ளலாம். அச்சுறுத்தலை உணர்ந்ததும் மூளையின் ஆழத்தில் உள்ள அமிக்டலா என்னும் பகுதி எச்சரிக்கை மணி அடிக்கிறது. இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன, கார்ட்டிசால் சுரக்கிறது. எதிரில் நிற்பது புலியா, எதிர்த்தரப்பு வழக்கறிஞரா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. மூச்சை மெல்ல, நீளமாக வெளிவிடும்போது உடலை அமைதிப்படுத்தும் நரம்புகள் செயல்படத் தொடங்கி, இதயத் துடிப்பு தணிகிறது. நம் விருப்பப்படி இதயத்தை நிறுத்தியோ விரைவுபடுத்தியோ ஆள முடியாது. ஆனால், மூச்சின் வழியாக அதனுடன் பேச முடியும்.

இதை நீதிமன்ற நாளில் என் மாணவர் பொருத்திக்கொண்ட விதம்தான் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றியது.

வழக்கு எண்ணைக் கூப்பிட்டதும் எழுவதற்கு முன், இரண்டு பாதங்களும் தரையில் பதிந்திருப்பதை உணர்ந்து, ஒரு நீண்ட மூச்சை வெளிவிடுகிறார். மூன்று நொடிகள்தான். யாருக்கும் தெரியாது. கை நடுக்கம் முழுதாக நிற்கவில்லை; ஆனால், ‘நடுங்குகிறதே, எல்லோரும் பார்க்கிறார்களே’ என்ற இரண்டாவது அச்சம் குறைந்துவிட்டது.

குறுக்கு விசாரணையில் சாட்சி எதிர்பாராத பதிலைச் சொன்னால், உடனே பாய்ந்து அடுத்த கேள்வியைக் கேட்கத் தோன்றும். தேவைக்கு மேல் கேட்ட ஒரு கேள்வியால் கைக்கு வந்த வழக்கை இழந்த கதை மூத்த வழக்கறிஞர்கள் எல்லோரிடமும் இருக்கும். பதிலுக்கும் அடுத்த கேள்விக்கும் இடையே ஒரு மூச்சை வைக்கப் பழகிய பிறகு, எங்கே நிறுத்துவது என்பது தெரிகிறது என்கிறார் அவர். கோபம் போகவில்லை. அது வருவதைப் பார்க்க முடிகிறது. பார்க்க முடிந்த கோபத்தைப் பயன்படுத்தலாம். பார்க்க முடியாத கோபம் நம்மைப் பயன்படுத்திவிடும்.

தாழ்வாரத்தில் காத்திருக்கும் நேரம் முன்பு வீணாகவோ கைப்பேசியிலோ கழிந்தது. இப்போது அதில் பத்து நிமிடம், பாதம் தரையில் படுவதைக் கவனித்தபடி மெல்ல நடக்கிறார். கட்சிக்காரர் பேசும்போது முதல் இரண்டு நிமிடம் எழுதாமல், பதிலை மனத்தில் தயாரிக்காமல் கேட்கிறார். சொல்வதைக் கேட்டுவிட்டார் என்ற நிறைவு கிடைத்த கட்சிக்காரர், அதையே பத்து முறை சொல்வதில்லை. இதை நான் என் அனுபவத்தாலேயே உறுதிசெய்கிறேன்.

மாலையில் வழக்குக் கட்டைக் கட்டும் சில நொடிகளையும் அவர் பயிற்சியாக்கிக்கொண்டார். அடுத்த வாய்தாவை நாட்குறிப்பில் எழுதுகிறார். எழுதியதை ஒருமுறை படிக்கிறார். பிறகு நாடாவை இழுத்து முடிச்சுப் போடும்போது, இந்த வழக்குக்கு இன்று செய்ய வேண்டியது முடிந்தது என்று தனக்குச் சொல்லிக்கொள்கிறார். முடிச்சுப் போட்ட பின்னும் வழக்கு மனத்தில் அவிழ்ந்துகொண்டுதான் இருக்கும். அப்போது, மூச்சுக்குத் திரும்பியதுபோல், வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

இவையெல்லாம் மந்திரம் அல்ல. 47 ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டி 2014-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான மதிப்பீடு, தியானப் பயிற்சிகள் பதற்றத்தையும் மனச்சோர்வையும் மிதமான அளவில் குறைப்பதாகக் கூறியது. உடற்பயிற்சி, மருந்து போன்றவற்றைவிட அவை மேலானவை என்பதற்குச் சான்று இல்லை என்றும் அதே மதிப்பீடு தெளிவாகச் சொன்னது. மிதமான பலன், குறைந்த செலவு. பொருளாதாரப் பார்வையில் இது நல்ல முதலீடு. ஆனால், எல்லா நோய்க்கும் மருந்து அல்ல. சிலருக்குக் கண்ணை மூடி உட்காரும்போது பழைய காயங்கள் மேலெழுந்து துன்பம் கூடலாம். வாரக்கணக்கில் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஆகியவை இருந்தால் முதலில் செல்ல வேண்டியது மருத்துவரிடம். 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் டெலி மானஸ் உதவி மையம் நாள் முழுவதும் இயங்குகிறது. கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்பவர், தான் ஆலோசனை பெறுவதை இழுக்காகக் கருத வேண்டியதில்லை.

தாங்குவதும் மீள்வதும்

அழுத்தத்தைப் பொறுத்துக்கொள்வதையே மனவலிமை என்று நாம் தவறாக நினைக்கிறோம். மீள்திறன் என்பது வேறு. விழாமல் இருப்பதைக் காட்டிலும், விழுந்த பிறகு எழுவதையே அது குறிக்கிறது.

பம்பாய் ஸ்மால் காசஸ் நீதிமன்றத்தில் தன் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்த இளம் வழக்கறிஞர் ஒருவர், தலைசுற்றி, ஒரு கேள்வியும் கேட்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். வாங்கிய 30 ரூபாய்க் கட்டணத்தைத் திருப்பித் தரச் சொல்லிவிட்டு வெளியேறினார். அந்த நிகழ்ச்சியைத் தம் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியவர் மகாத்மா காந்தி. அதே மனிதர்தான் பின்னர் தென்னாப்பிரிக்காவில், தாதா அப்துல்லாவின் வழக்கை மத்தியஸ்தத்தால் முடித்து, பிளவுபட்ட தரப்புகளை இணைப்பதே வழக்கறிஞரின் உண்மையான பணி என்பதைக் கண்டுகொண்டார்.

நம் தமிழ்நாட்டு வழக்கறிஞர் ஒருவரின் வாழ்க்கை இதைவிடக் கடுமையானது. வ.உ.சிதம்பரனாருக்கு 1908-இல் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டாலும், கோவைச் சிறையில் செக்கிழுத்தார். கண்ணனூர்ச் சிறையிலும் இருந்தார். கப்பல் நிறுவனம் போயிற்று. வழக்கறிஞர் உரிமமும் போயிற்று. அந்தச் சிறை நாள்களில், எண்ணங்களை ஆள்வது குறித்து ஜேம்ஸ் ஆலன் எழுதிய நூலை ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். அதே ஆசிரியரின் வேறு சில நூல்களையும் பின்னாளில் மொழிபெயர்த்தார். 1912-இல் விடுதலையானபோது வரவேற்கப் பெருங்கூட்டம் இல்லை, வறுமை இருந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு, வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் உரிமம் திரும்பக் கிடைத்து, கோவில்பட்டியில் மீண்டும் வழக்காடினார். அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார்.

வ.உ.சி. செய்தது இன்றைய மனவிழிப்புப் பயிற்சி அல்ல. ஆனால், வெளியே எதுவும் தன் கையில் இல்லாத நிலையில், உள்ளே எது தன் கையில் இருக்கிறது என்று பார்த்தார். இன்னொன்றையும் அவர் வாழ்க்கை சொல்கிறது. தனி மன உறுதி மட்டும் அவரை நீதிமன்றத்துக்குத் திருப்பி அழைத்து வரவில்லை. ஒரு கதவைத் திறந்துவிட இன்னொரு மனிதரும் வேண்டியிருந்தது.

அமைப்பும் மாற வேண்டும்

இந்த இடத்தில்தான் நான் எச்சரிக்கையாக இருக்க விரும்புகிறேன். முறையான ஊதியம் தராமல் இளம் வழக்கறிஞரை இரவு பதினோரு மணி வரை அலுவலகத்தில் இருத்தி வைத்துவிட்டு, ‘தியானம் செய், எல்லாம் சரியாகும்’ என்பது அநீதி. மூழ்கும் படகில் இருப்பவருக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுப்பதைப் போன்றது அது. படகின் ஓட்டையையும் அடைக்க வேண்டும்.

இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 15,000 முதல் 20,000 ரூபாய் வரை உதவித்தொகை வழங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூன் மாதத்தில் அறிவுறுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில், நகர்ப்புறத்தில் 20,000, கிராமப்புறத்தில் 15,000 ரூபாய் என்று இந்திய வழக்கறிஞர் மன்றமும் பரிந்துரைத்தது. பரிந்துரை சுற்றறிக்கையிலேயே நின்றுவிடாமல் சிற்றூர் நீதிமன்றங்கள் வரை வந்துசேர வேண்டும். கரும்பு விவசாயிகளுக்கு அறுவடைப் பணம் சிந்தனையைத் தெளிவாக்கியதுபோல, மாத முதல் நாளில் வரும் உறுதியான தொகை எந்தப் பயிற்சியையும்விட ஓர் இளைஞரின் மனத்தைத் தெளிவாக்கும். ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் தரலாகாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17-ஆவது கட்டளை சொல்வதும், நீதிபதிகளின் காலியிடங்கள் நிரப்பப்பட்டால்தான் நடைமுறைக்கு வரும்.

வழக்கறிஞர் சங்கங்கள் தம் அளவிலேயே செய்யக்கூடியவையும் உண்டு. நோயுற்ற உறுப்பினரின் வழக்குகளில் வேறொருவர் ஆஜராகி வாய்தா கேட்கும் சுழற்சி முறையை ஏற்படுத்தலாம். சங்க நூலகத்தில் உணவு இடைவேளையின்போது அரை மணி நேரம் அமைதி என்று அறிவிக்கலாம். மூத்தவர்கள் தம் தோல்விகளை இளையவர்களிடம் பேசும் கூட்டம் மாதம் ஒருமுறை நடக்கலாம். சட்டக் கல்லூரிகளில் மாதிரி நீதிமன்றப் பயிற்சியுடன் மனத்தைக் கவனிக்கும் பயிற்சியையும் சேர்க்கலாம்.

எங்கள் பகுதிக்கு அருகில் உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தல் விதிகளைச் சொல்கின்றன. வாரியத்தில் பணியாற்றியவர் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு மீண்டும் தகுதி பெறமாட்டார். பதவி ஒருவரிடமே தேங்கக் கூடாது என்பது அதன் நோக்கம். பொறுப்பு சுழல வேண்டும் என்ற அந்த அறிவைச் சுமைக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

கட்சிக்காரர்களாகிய நமக்கும் கடமை இருக்கிறது. ஆவணங்களை ஒரே முறையில் ஒழுங்காகக் கொடுப்பது. நமக்குப் பாதகமான உண்மையையும் மறைக்காமல் சொல்வது. நீதிமன்றத்தின் தாமதத்துக்கு வழக்கறிஞரைத் தண்டிக்காமல் இருப்பது. இரவில் அழைக்காமல் இருப்பது. சோர்ந்துபோன வழக்கறிஞரின் தவறு கடைசியில் நம் வழக்கில்தான் வந்து விழும் என்பதால், இதில் நம் நலனும் அடங்கியிருக்கிறது.

எங்கள் வழக்கு 30 நாள் கெடுவுக்குள் மனுச் செய்யப்பட்டு, செலவுத்தொகை கட்டி மீட்கப்பட்டது. மனுவில் தன் உடல்நிலையை மறைக்காமல் எழுத அவர் முன்வந்தார். அதற்கு ஆதரவாக நானும் கையொப்பமிட்டேன். வழக்கு இன்னும் முடியவில்லை. வேறு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளுமாறு உறவினர்கள் சொன்னபோது, நான் மறுத்துவிட்டேன். அவரை இப்போது வாரத்தில் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அழைக்கிறேன். அழைப்பதற்கு முன் நானும் ஒரு மூச்சு விட்டுக்கொள்கிறேன். பெரும்பாலான வாரங்களில், கேட்க நினைத்த கேள்வி அதற்குள் அவசியமற்றதாகிவிடுகிறது.

*கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).*